மாட்டு வண்டித் தடத்தில் பத்து நாள்: மிசூரி முதல் ஓரிகன் வரை

நாள் 1: இண்டிபெண்டன்ஸ் – மேரிஸ்வில், சுமார் 160 மைல்

கான்சாஸ் சிட்டிக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் இருக்கும் ஊர் இண்டிபெண்டன்ஸ். 1840களில் மிசூரி ஆற்றில் நீராவிப் படகில் வந்து இறங்கியவர்கள் வண்டி, மாடு, மாவு, துப்பாக்கி எல்லாம் வாங்கிக்கொண்டு மேற்கே கிளம்பியது இங்கிருந்துதான். போய்ச் சேர வேண்டிய இடம் மேற்குக் கரையில் ஓரிகன். அந்த ஓரிகன் தடத்தைத்தான் நாம் காரில் பத்து நாளில் தொடரப் போகிறோம். தூரம் ஏறக்குறைய 2,100 மைல், அதாவது 3,400 கிலோமீட்டர். நல்லபடியாகப் போனால் ஐந்து மாதம்.

ஏன் கிளம்பினார்கள் என்பதற்குப் பாடப்புத்தகம் சொல்லும் பதில், கண்டம் முழுவதும் தங்களுக்கென்றே கடவுள் வகுத்தது என்ற நம்பிக்கை. அந்த முழக்கம் 1845இல்தான் அச்சில் வந்தது. ஆயிரம் பேர் கொண்ட முதல் பெருங்கூட்டம் 1843லேயே புறப்பட்டுவிட்டது. அவர்களைக் கிளப்பியவை இன்னும் மண்ணோடு ஒட்டிய காரணங்கள். 1837இல் வங்கிகள் விழுந்த பிறகு மிசூரியில் சோளத்துக்கும் பன்றிக்கும் விலை இல்லை, கடன் கழுத்தைப் பிடித்தது. ஆற்றுப் படுகைகளில் ஆண்டுதோறும் குளிர் காய்ச்சல், இன்றைய பெயரில் மலேரியா. இதற்கு நடுவே மிசூரியின் செனட்டர் லூயிஸ் லின், ஓரிகனில் குடியேறும் ஆணுக்கு 640 ஏக்கர் இலவசம் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். 1843இல் அது செனட்டில் நிறைவேறியது, கீழவையில் நின்றுபோனது. சட்டமாகாத அந்த 640 ஏக்கரை நம்பியே வண்டி கட்டினார்கள்.

பரம ஏழைகள் இதில் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு வண்டி, மாடு, உணவு சேர்த்து 600 முதல் 1,000 டாலர் வரை தேவைப்பட்டது. விற்க ஒரு பண்ணையாவது வைத்திருந்தவர்தான் போக முடிந்தது.

இனி வண்டி. பெட்டி 10 அடி நீளம், 4 அடி அகலம், பக்கப் பலகை 2 அடி உயரம். மேலே ஆளி விதை எண்ணெய் பூசிய கித்தான். பாரம் 2,000 முதல் 2,500 பவுண்டுக்குள், நம் கணக்கில் ஒரு டன்னுக்குச் சற்று முன்பின். அதற்கு மேல் ஏற்றினால் வண்டி உடையாது, மாடு விழும். ஜோயல் பால்மர் என்பவர் 1845இல் இந்தப் பாதையில் போய் ஒரு கணக்கு எழுதிவைத்தார். வயது வந்த ஒருவருக்கு மாவு 200 பவுண்டு, கப்பல் ரொட்டி 30, பன்றி இறைச்சி 75, சர்க்கரை 25, அரிசி 10, உப்பு 10, காப்பி 5, தேயிலை 2, அதோடு மொச்சை, உலர்ந்த பழம், சோள மாவு. கூட்டிப் பாருங்கள், தலைக்கு 400 பவுண்டைத் தாண்டும். நான்கு பேர் சாப்பாடே வண்டியில் முக்கால் பாரம். பால்மரின் பெயரை நினைவில் வையுங்கள், கடைசி வரை வருவார்.

மேரிஸ்வில்லுக்குத் தெற்கே மண்சாலையில் அல்கோவ் ஸ்பிரிங் என்ற ஊற்று இருக்கிறது. மழை பெய்திருந்தால் அந்தச் சாலையில் சின்னக் காரை இறக்க வேண்டாம். 1846 மே மாதம் பிக் புளூ ஆறு பெருகியதால், கலிஃபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த டானர் குழு இங்கே நாள்கணக்கில் தங்கித் தெப்பம் கட்டியது. அப்போது போன நாட்களின் விலை அக்டோபரில் தெரிந்தது.

நாள் 2: மேரிஸ்வில் – கியர்னி, நெப்ராஸ்கா

ஃபேர்பரி அருகே ராக் கிரீக் ஸ்டேஷன் பூங்காவில் முதல் தெளிவான வண்டித்தடம். புல்வெளியில் அகலமான பள்ளமாகத் தெரியும். காலை எட்டுக்கு முன்பு அல்லது மாலை ஐந்துக்குப் பின் போனால்தான் சாய்ந்த வெயிலில் பள்ளம் எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் வெறும் புல்தான்.

இந்தப் பயணத்தின் நாட்காட்டியை எழுதியது புல். ஏப்ரல் நடுவில் கிளம்பினால் புல் முளைத்திருக்காது, மாடு பட்டினி. மே கடைசியில் கிளம்பினால் முன்னால் போனவர்களின் மாடுகள் மேய்ந்து முடித்திருக்கும், மலையில் பனியும் மறிக்கும். நடுவே மூன்று நான்கு வாரம்தான் வாய்ப்பு. அந்தச் சில வாரத்தில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பியதால்தான் நெரிசலும் தூசியும் தொற்றுநோயும்.

குதிரையை விட்டு எருதைப் பிடித்ததற்கும் புல்லே காரணம். குதிரைக்குத் தானியம் வேண்டும், எருது காய்ந்த புல்லிலும் இழுக்கும். மணிக்கு இரண்டு மைல் நடை, நாளுக்குப் பதினைந்து மைல். விலை மலிவு, திருடு போவதும் குறைவு, கடைசியில் அடித்துச் சாப்பிடலாம். வண்டிக்குக் குறைந்தது இரண்டு ஜோடி, சமாளிக்க மூன்று ஜோடி. நம்மூர் வண்டிக்காரர் பார்த்தால் வியக்கும் விஷயம் ஒன்று: மூக்கணாங்கயிறு கிடையாது, ஓட்டுபவர் ஏர்க்காலில் உட்காருவதும் கிடையாது. மாட்டுக்கு இடப்பக்கம் நடந்துகொண்டே குரலாலும் சாட்டையாலும் ஓட்டினார்கள். வண்டியில் அதிர்வு தாங்கும் வில் இல்லாததால் நோயாளியும் கைக்குழந்தையும் தவிர எல்லோரும் நடைதான். இரண்டாயிரம் மைலும்.

நாள் 3: கியர்னி – கெரிங், சுமார் 270 மைல்

நாள் முழுக்கப் பிளாட் ஆற்றங்கரை. ஐ-80 நெடுஞ்சாலை, அலுப்பான ஓட்டம். ஓகலாலாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும்.

ஆறு அகலம், ஆழம் இல்லை, கலங்கல். கரையில் மரம் இல்லாததால் அடுப்புக்குக் காட்டெருமைச் சாணம். வறட்டி தட்டத் தெரிந்த நமக்கு இது புதிதல்ல. அங்கே வெயிலே காயவைத்திருந்தது, பிள்ளைகள் கோணியில் பொறுக்கிவந்தால் போதும். காய்ந்தது நன்றாக எரியும், சட்டென்று தீர்ந்தும்போகும். மழை பெய்த அன்று அடுப்பில்லை.

இந்த ஆற்றங்கரைதான் பெரிய சுடுகாடும். 1849, 1850, 1852 ஆண்டுகளில் காலரா. கங்கைக் கழிமுகத்தில் கிளம்பிய தொற்று, கப்பலேறி நியூ ஆர்லியன்ஸ் வந்து, நீராவிப் படகில் மிசூரி ஏறி, மாட்டு வண்டியோடு பிளாட்டுக்கு வந்தது. ஆற்றுநீர் மண்ணாக இருக்கிறதே என்று கரையில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டினார்கள். முந்தின நாள் அதே இடத்தில் தங்கியவர்களின் கழிவு அதில் இறங்கியிருந்தது. தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது, அதுதான் வினை. காலையில் நன்றாக நடந்தவர் மாலையில் புதைகுழியில். மருந்து என்று கொடுத்தது அபின் கரைசல். சர்க்கரையும் உப்பும் அளவாகக் கலந்த நீர் பெரும்பாலோரைக் காப்பாற்றியிருக்கும். 25 பவுண்டு சர்க்கரையும் 10 பவுண்டு உப்பும் வண்டியிலேயே இருந்தன. அந்தக் கலவையின் அருமை 1971இல் வங்காள அகதி முகாம்களில் திலீப் மகலனாபிஸ் காட்டிய பிறகுதான் உலகுக்குப் பிடிபட்டது.

செவ்விந்தியர் தாக்குதல்தான் பெரிய அபாயம் என்று சினிமா பழக்கிவிட்டது. ஆவணங்களைத் தேடிக் கூட்டிய கணக்கில் 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகள் கையில் இறந்த பயணிகள் 362, பயணிகள் கையில் இறந்த பூர்வகுடிகள் 426. இருபது ஆண்டுக் கணக்கு இது. வண்டிகளை வட்டமாக நிறுத்தியதும் பெரும்பாலும் மாடு ஓடிப்போகாமல் இருக்கத்தான்.

லூவெல்லன் அருகே வின்ட்லஸ் ஹில். பின்சக்கரத்தைச் சங்கிலியால் பூட்டி, கயிற்றைப் பின்னால் ஆட்கள் பிடித்துக்கொண்டு வண்டியை இறக்கிய சரிவு. மேலே வரை நடைபாதை உண்டு. மாலைக்குள் சிம்னி ராக் பார்த்துவிடலாம். கூம்பு ஏறக்குறைய 300 அடி, வண்டிக்காரர்களுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கண்ணில் பட்டது. சமவெளி முடிந்தது என்பதற்கு அடையாளம்.

நாள் 4: கெரிங் – காஸ்பர், வயோமிங்

ஃபோர்ட் லேரமி 1834இல் தோல் வியாபாரக் கொட்டடியாகத் தொடங்கியது, 1849இல் ராணுவம் 4,000 டாலருக்கு வாங்கியது. பயணிகளுக்கு இது பாரம் குறைக்கும் இடம். மூன்றில் ஒரு பங்கு தூரம் கடந்து மாடு இளைத்திருக்கும், மலை இனிமேல்தான். இரும்பு அடுப்பு, அலமாரி, பட்டறைக் கல் எல்லாம் சாலையோரம் போனது. தூக்கி எறிய முடியாததை விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆள் இல்லை.

அடுத்து கெர்ன்சி. பாதை முழுவதிலும் ஒரே ஒரு இடம் பார்க்க நேரம் இருந்தால் இதைப் பாருங்கள். மணற்பாறையில் ஐந்தடி ஆழம் வரை வண்டிச் சோடை. வெட்டவெளியில் தூசிக்குப் பயந்து வண்டிகள் பக்கவாட்டில் பரவிப் போயின. அதனால் தடம் அகலம், ஆழம் குறைவு. இங்கே ஆற்றோரம் சதுப்பாக இருந்ததால் எல்லா வண்டியும் பாறை மேட்டில் ஒரே இடத்தில் ஏற வேண்டியிருந்தது. சக்கரமும் குளம்பும் அரைத்த மண்ணைக் காற்று வாரிப்போனது, அடுத்த வண்டி இன்னும் கீழே இறங்கியது. நடைபாதை அரை மைல்கூட இல்லை. பாம்பு உண்டு, பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள்.

சக்கரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடமும் இதுதான். குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் கிழக்கின் ஈரக்காற்றில் செய்தவை. உயரம் ஏற ஏறக் காற்று உலர்ந்து மரம் சுருங்கும், இரும்புப் பட்டா கழன்று ஆடும். ராத்திரி சக்கரத்தைக் கழற்றி ஓடையில் ஊறப்போடுவது முதல் வைத்தியம். அது தாங்காவிட்டால் பட்டாவுக்கும் வட்டைக்கும் இடையே மர ஆப்பு. அதுவும் போதாவிட்டால் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்குவது, நம் ஊர்ப் பட்டறையில் செய்வதேதான். அச்சுக்கு மை என்றால் பைன் மரத் தாரும் கொழுப்பும் கலந்தது. வாளி பின் அச்சில் தொங்கும். கொழுப்புத் தீர்ந்தால் சாப்பிட வைத்திருந்த பன்றி இறைச்சியின் கொழுப்பே அச்சுக்குப் போகும். எருதுக்குக் குளம்பு பிளந்தது, ஆக லாடம் காலுக்கு இரண்டு, மாட்டுக்கு எட்டு. கால் மாற்றிக் காட்டி நிற்க எருதுக்கு வராது, கயிறு கட்டிச் சாய்த்துத்தான் அடிக்க வேண்டும்.

நாள் 5: காஸ்பர் – சவுத் பாஸ் – ஃபார்சன்

காஸ்பரில் டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். லாண்டர் பக்கம் திரும்பி அங்கே இன்னொரு முறை நிரப்புவது நல்லது. செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

காஸ்பருக்கு அப்பால் காரத் தண்ணீர்ப் பகுதி. குட்டை ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு அல்ல, சோடா. அந்தத் தண்ணீரைக் குடித்த மாடு வயிறு உப்பிச் சாகும். தொண்டையில் பன்றிக் கொழுப்பையும் வினிகரையும் இறக்கிச் சிலவற்றைப் பிழைக்க வைத்தார்கள். அதே வெள்ளைப் பொடியைச் சுரண்டி எடுத்து ரொட்டி மாவை உப்பவைக்கவும் பயன்படுத்தினார்கள்.

இண்டிபெண்டன்ஸ் ராக் நெடுஞ்சாலை 220இன் ஓரத்திலேயே இருக்கும் கருங்கல் குன்று. ஓய்விடம், கழிப்பறை, சுற்றிவர ஒரு மைலுக்கு மேல் பாதை. ஜூலை 4க்குள் இங்கே வந்தால் பனிக்கு முன் தப்பலாம் என்பது கணக்கு. செதுக்கிய பெயர்கள் இன்னும் படிக்க வருகின்றன. நீங்கள் செதுக்கினால் குற்றம்.

சவுத் பாஸ் பலருக்கு ஏமாற்றம். 7,412 அடி உயரம், கண்டத்தின் நீர்பிரி மேடு, ஆனால் பார்க்க ஒரு பரந்த வெளி. கணவாய் என்று மனதில் வைத்திருக்கும் இடுக்கு எதுவும் இல்லை. அந்த ஏமாற்றம்தான் இதன் பெருமை. ராக்கி மலையில் வண்டி இவ்வளவு எளிதாக ஏறக்கூடிய சரிவு அக்கம்பக்கத்தில் வேறில்லை. 1836இல் மிஷனரிகளின் மனைவியர் நார்சிஸா விட்மனும் எலைசா ஸ்பால்டிங்கும் இதைக் கடந்தார்கள். பெண்கள் போகலாம் என்றால் குடும்பம் போகலாம், குடும்பம் போகலாம் என்றால் பண்ணை வைக்கலாம் என்று கிழக்கே பேச்சுப் பரவியது. கணவாய்க்கு நெடுஞ்சாலை 28இலிருந்து மண்பாதை பிரிகிறது, உயரமான வண்டி வேண்டும். அங்கே உள்ள கற்களில் ஒன்று எஸ்ரா மீக்கர் 1906இல் நட்டது. 1852இல் இளைஞனாகப் போனவர், எழுபது வயது கடந்து மறுபடி மாட்டு வண்டி பூட்டிக் கிழக்கே வந்து தடத்துக்கு அடையாளம் வைத்தார்.

நாள் 6: ஃபார்சன் – சோடா ஸ்பிரிங்ஸ், ஐடஹோ

நெடுஞ்சாலை 28 ஓரம் "பாதை பிரியும் இடம்" என்று பலகை இருக்கும். அது தவறான இடம். உண்மையில் பிரியும் இடம் அங்கிருந்து மேற்கே சுமார் 10 மைல், மண்பாதையில். வலப்பக்கம் சப்லெட் குறுக்குவழி, ஏறத்தாழ 45 மைலுக்குத் தண்ணீர் இல்லை, இரவில் நடந்து கடந்தார்கள். இடப்பக்கம் ஃபோர்ட் பிரிட்ஜர், சுற்று, ஆனால் புல்லும் தண்ணீரும் உண்டு. 1846 ஜூலையில் டானர் குழு இடப்பக்கம் திரும்பி, அதற்கப்பால் லான்ஸ்ஃபோர்டு ஹேஸ்டிங்ஸ் விளம்பரம் செய்த குறுக்குவழியில் போனது. அந்த வழியில் அவரே அதுவரை வண்டி ஓட்டியதில்லை. யூட்டா மலையில் மரம் வெட்டிப் பாதை போட்டே வாரக்கணக்கில் போயிற்று. கலிஃபோர்னியா மலையில் பனி பிடித்துக்கொண்டது. 87 பேரில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சினார்கள்.

நாள் 7: சோடா ஸ்பிரிங்ஸ் – கிளென்ஸ் ஃபெர்ரி

போகடெல்லோவில் ஃபோர்ட் ஹால் என்ற பழைய வியாபாரக் கோட்டையின் மாதிரியைக் கட்டி வைத்திருக்கிறார்கள், அரை மணி நேரம் போதும். ராஃப்ட் ரிவரில் கலிஃபோர்னியாத் தடம் தெற்கே பிரியும். 1848 ஜனவரியில் சட்டர் மர அறுவை ஆலையில் தங்கம் கிடைத்த பிறகு கூட்டத்தில் பெரும்பங்கு அந்தப் பக்கம்தான் போனது. தங்கத்துக்குப் போனவர்கள் தனி ஆண்கள், நிலத்துக்குப் போனவர்கள் குடும்பங்கள். இரண்டு மாநிலங்களும் தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று வேறுமாதிரி வளர இது ஒரு காரணம்.

கிளென்ஸ் ஃபெர்ரியில் ஸ்னேக் ஆற்றின் மூன்று தீவுத் துறை. தீவுக்குத் தீவு தாவிக் கடக்க வேண்டும். தென்கரையிலேயே போனால் கடக்க வேண்டாம், ஆனால் வறண்ட, நீளமான வழி. துறையில் தவறுவது ஒரே மாதிரிதான்: நீரோட்டம் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், முன்மாடு பயந்து வளையும், ஏர்க்கால் முறுக்கி வண்டி கவிழும். தப்ப, வண்டிகளைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்தார்கள், சாமான்களைப் பலகை போட்டு உயர்த்தினார்கள். வழிகாட்டியவர்கள் ஷோஷோனி மக்கள். சால்மன் மீனும் அவர்களிடம்தான் வாங்கினார்கள், சட்டைக்கும் தூண்டில் முள்ளுக்கும்.

நாள் 8: கிளென்ஸ் ஃபெர்ரி – பேக்கர் சிட்டி, ஓரிகன்

ஃபிளாக்ஸ்டாஃப் குன்றின் மேல் அருங்காட்சியகம், கீழே பள்ளத்தாக்கில் தடம். இந்தப் பள்ளத்தாக்கில் ஒற்றை மரம் ஒன்று வெகுதூரத்துக்குத் தெரிந்து எல்லோருக்கும் வழிகாட்டியாக இருந்தது. 1843இல் முதல் பெருங்கூட்டத்தில் யாரோ விறகுக்கு வெட்டிவிட்டார்கள்.

நாள் 9: பேக்கர் சிட்டி – ஹூட் மலை

தி டாலஸ் என்ற ஆற்றங்கரை ஊர் வரை கொலம்பியா ஆறு. 1845 வரை வண்டிப்பாதை இங்கே முடிந்தது. சக்கரத்தைக் கழற்றி வண்டியைத் தெப்பத்தில் ஏற்றி ஆற்றில் இறங்க வேண்டும். தெப்பத்துக்குக் காத்திருக்கும் நாட்களில் உணவு தீரும், கட்டணம் ஏறும், சுழலில் ஆள் போகும். அந்த இலையுதிர் காலத்தில் சாம் பார்லோ என்பவர் மலையைச் சுற்றி வழி தேடினார். கூடப் போனவர் நம் ஜோயல் பால்மர். பாதம் தேய்ந்த மிதியடியோடு ஹூட் மலைப் பனிச்சரிவில் ஏறி வழி பார்த்தார், அங்கே ஒரு பனியாற்றுக்கு இன்றும் அவர் பெயர். 1846இல் சுங்கச்சாலை திறந்தது. வண்டிக்கு 5 டாலர், மாட்டுக்குத் தலைக்கு 10 சென்ட்.

கவர்ன்மென்ட் கேம்ப் தாண்டியதும் நெடுஞ்சாலை 26 ஓரம் லாரல் ஹில். சிறு ஏற்றம் நடந்தால் வண்டி இறக்கிய சரிவு, இப்போது கல்லும் சரளையுமாக. பின் அச்சில் கயிறு கட்டி மரத்தைச் சுற்றி மெல்ல மெல்ல விட்டார்கள். முழு மரத்தை வெட்டிப் பின்னால் கட்டி இழுபடவிடுவதும் உண்டு.

நாள் 10: ஓரிகன் சிட்டி, அங்கிருந்து கிராண்ட் ரோண்ட்

தடத்தின் முடிவு நில அலுவலகம். லின் கேட்ட 640 ஏக்கர் 1850 செப்டம்பரில் நன்கொடை நிலச் சட்டமாக வந்தது. 1850 டிசம்பர் 1க்கு முன் வந்திருந்தால் தனி ஆணுக்கு 320, மணமானவருக்கு 640, அதில் பாதி மனைவி பெயரில். பிறகு வந்தவருக்கு அதில் பாதி. நான்கு ஆண்டு குடியிருந்து உழ வேண்டும். மனைவிக்கும் நிலம் உண்டு என்றதும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடந்தது. 1855இல் முடிவதற்குள் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட உரிமைகள், 25 லட்சம் ஏக்கர். கறுப்பர்களுக்கு நிலம் இல்லை, 1844இலேயே அவர்கள் குடியிருக்கத் தடைச் சட்டம் போட்டிருந்தார்கள். அந்த ஆண்டு வந்த ஜார்ஜ் வாஷிங்டன் புஷ் கறுப்பர் என்பதால் கொலம்பியாவுக்கு வடக்கே போய்க் குடியேறினார்.

கொடுத்த நிலம் யாருடையது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் பின்னால் பார்த்துக்கொண்டார்கள். குடியேறிகள் நிலம் பிடித்த வில்லமெட் பள்ளத்தாக்கின் கலப்பூயா மக்களோடு ஒப்பந்தம் 1855 ஜனவரியில், நிலச் சட்டம் வந்து நாலேகால் ஆண்டுக்குப் பிறகு. அரசின் சார்பில் கையெழுத்திட்டவர் பூர்வகுடி விவகாரக் கண்காணிப்பாளர் ஜோயல் பால்மர். மாவும் பன்றி இறைச்சியும் தலைக்கு எத்தனை பவுண்டு என்று எழுதியவரேதான். பூர்வகுடிகளிடம் இளகிய மனதாக நடக்கிறார் என்று குடியேறிகள் புகார் சொல்ல, 1856இல் பதவி போயிற்று.

ஓரிகன் சிட்டியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கிராண்ட் ரோண்ட், பூர்வகுடிகளுக்கு அரசு ஒதுக்கிய இடம். சச்சாலூ அருங்காட்சியகம் அந்த மக்களே நடத்துவது, திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். பால்மர் பதவியில் இருந்தபோதே, தெற்கே டேபிள் ராக்கிலிருந்து பூர்வகுடிகள் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை இங்கே நடத்திக் கூட்டி வந்தார்கள். 1856 பிப்ரவரி 23இல் கிளம்பி மார்ச் 25இல் சேர்ந்தார்கள், புல் முளைக்காத குளிரில். உடன் வந்த அதிகாரி நாட்குறிப்பு எழுதினார். நடக்க முடியாத முதியோரும் நோயாளிகளும் வண்டியில், மற்றவர்கள் நடை. 263 மைல், ஒரு மாதத்துக்குச் சற்று மேல், நாளுக்கு எட்டு மைல். வழியில் எட்டுப் பேர் இறந்தார்கள், எட்டுக் குழந்தைகள் பிறந்தன.